பதினாறாவது வரி

மெலாஹத் அடுக்களை மேசையில் உட்கார்ந்து, இங்கிலீஷில் 'கெட்' என்கிற ஒரே வினைச்சொல்லுக்குப் பதினாறு அர்த்தங்கள் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பாடம் நடத்தும் மாலை வகுப்புக்கு. ஒவ்வொன்றின் கீழும் ஓர் எடுத்துக்காட்டு. பதினாறாவதன் கீழே மட்டும் இடம் விட்டுப் பேனாவை மூடினாள்.

"டீ கறுத்துப்போச்சு ஃபெத்தி. வேற போடு."

கணவர் வேறு டீ போட்டு எடுத்துவந்தபோது அதைக் குடிக்க அவள் இல்லை.

அவளுக்கான நாற்பதாம் நாள் ஓதலும் முடிந்தது. வகுப்பில் தாளைக் கேட்டார்கள். அரைகுறையாகக் கொடுக்க ஃபெத்திக்கு மனமில்லை. அவருக்கோ இங்கிலீஷ் தெரியாது. இந்த வருஷ மாணவனான ரொட்டிக்கடை ரிஸாவிடம் போனார். காலை நேரம், வாசல்வரை வரிசை.

"இதைப் படிச்சுப் பாத்து, கடைசி வரிய அவ எழுதற மாதிரியே எழுதிக்குடுடா."

ரிஸா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, இங்கிலீஷை நம் பேச்சில் மாற்றிச் சொல்லி உரக்கப் படித்தான். "ஒண்ணு. ஃபெத்தி ஏழு மணிக்கு எழுந்திரிக்கிறார். எட்டு மணிக்குத்தான் முழிக்கிறார்."

வரிசை சிரித்தது.

"யாரு, நானா?"

"ரெண்டு. ஃபெத்திக்குச் சட்டுனு கோபம் வரும்."

"எனக்கு எங்கடா கோபம் வருது!" மேடையில் ஓங்கி அடித்தார். அடுக்கியிருந்த எள்ளு ரொட்டி வளையங்கள் சரிந்து உருண்டன.

"ரெண்டு!" என்றது வரிசை.

பொறுக்கக் குனிந்தார். முட்டி பிடித்துக்கொண்டது.

"மூணு. ஃபெத்திக்கு வயசாகுது, ஒத்துக்க மாட்டார்."

"போதும்! நான் போறேன்." கதவைத் தள்ளிக்கொண்டு போனார். அது மாவு அறை. தலை முதல் கால் வரை வெளுத்துத் திரும்பினார்.

ரிஸா தயங்கித் தயங்கிப் படித்தான். "நாலு. ஃபெத்திக்கு நம்ம தெருவிலேயே வழி தப்பும்."

கடையே குலுங்கியது. ஃபெத்தி கோபப்படவில்லை. "எல்லாத்துலயும் நான்தானா?" என்றார். "மெதுவாப் படி. ஒண்ணும் விடாத."

சிரிப்பு அடங்கியது. ரிஸா நிறுத்தி நிறுத்திப் படித்தான். பின்னால் அடுப்பில் ஒரு தட்டு ரொட்டி கருகியது.

"பதினஞ்சு. ஃபெத்தி எனக்கு டீ கொண்டுவருவார். நான் குறை சொல்லிக்கிட்டே குடிப்பேன்."

"அடுத்தது?"

"பதினாறு, பழகிப்போறது. கீழ ஒண்ணும் இல்ல மாமா. டீச்சர் முடிக்கலை. நான் எழுதிடறேன்." பேனாவை எடுத்தான்.

வரிசையில் நின்ற ஷுக்ரான் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிதிருத்தும் கடைக்காரி, டீச்சரின் பழைய மாணவி.

"தொடாத. அவங்க எல்லா வருஷமும் அதைக் காலியாத்தான் விடுவாங்க. 'நான் இல்லாம இருக்கப் பழகறதுக்கு மட்டும் ஃபெத்திய வச்சு வாக்கியம் எழுத முடியாதுடி'ன்னு சொல்வாங்க."