பெட்டிக்குள் ஒரு விசில்

"மொதலாளி, அந்தப் பெட்டிய வெளிய எடுத்தாத்தான் நாங்க உள்ள போவோம்."

சோணைமுத்து கறாராகச் சொல்லிவிட்டு ஐஸ் கம்பெனி வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற ஆட்களும் அவர் பின்னால் உட்கார்ந்தார்கள். காலையிலேயே கரண்டு போய் மிஷின் நின்றிருந்தது. இறால் லாரி வெயிலில் நின்றது. முதலாளி யேசுதாஸுக்கு வியர்த்துக் கொட்டியது.

"என்னலே ஆச்சு?"

"உள்ள விசில் சத்தம் கேக்குது. ஆளு இல்ல. பெட்டிதான் அடிக்குது."

யேசுதாஸ் திரும்பி கில்பர்ட்டை முறைத்தார். அந்தத் தெர்மாகோல் பெட்டி அவனுடையது. அதற்குள் இருந்தது அண்டார்டிகா ஐஸ்.

கில்பர்ட் ஜெனரேட்டர் மெக்கானிக். அரசாங்கம் அனுப்பிய ஆராய்ச்சிக் குழுவோடு கப்பலேறித் தென்துருவத்துக்குப் போனவன், அங்கே ஒரு குளிர்காலம் முழுக்க ஜெனரேட்டரை நிற்க விடாமல் பார்த்துக்கொண்டான்; போன வாரம்தான் பாம்பனுக்குத் திரும்பியிருந்தான். வந்த கையோடு யேசுதாஸிடம் லீமாரோஸைப் பெண் கேட்டான். கதவுக்குப் பின்னால் நின்ற லீமாரோஸ் வேகமாகத் தலையாட்டினாள். அவள் அப்பா ஆட்டவில்லை.

"நீ எந்தத் துருவத்துக்கும் போகல. கொச்சியில டயர் கடையில உன்னையப் பாத்தேன்னு ஒரு ஆளு சொன்னான்."

கில்பர்ட் போட்டோக்களை எடுத்துக் காட்டினான். எல்லாவற்றிலும் கம்பளிக் குல்லாவும் கறுப்புக் கண்ணாடியுமே நின்றுகொண்டிருந்தன.

"இதுல மூக்குகூடத் தெரியலையேலே. இது நாந்தான்னு நானுந்தான் சொல்லலாம்."

கடைசியில் அவன் பெட்டியைத் திறந்தான். ஆராய்ச்சிக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டு, ஒரு விஞ்ஞானி அன்போடு கொடுத்தது. தண்ணீரில் போட்டால் பேசும், நம்ம ஊர் ஐஸ் பேசாது என்றான்.

யேசுதாஸ் சிரித்தார். "ஐஸ் கம்பெனிக்காரனுக்கு ஐஸ் கொண்டாந்திருக்கான் பாரு! இங்கன பாருலே, எங்க ஐஸு என் தம்பி சூசை தோண்டுன கெணத்துத் தண்ணி. அவன் கடலோட போனான், கெணறு இன்னும் வத்தல. சனிக்கெழம எல்லாரும் இருக்கப் பாப்போம். உன் ஐஸு பேசலேன்னா, தூத்துக்குடியில பாத்து வச்சிருக்க மாப்பிள்ளைக்குத்தான் லீமா."

அதுவரை பெட்டி கம்பெனியின் குளிர் அறையில் இருக்கட்டும் என்று முடிவானது.

இன்று சனிக்கிழமை. பெட்டி முந்திக்கொண்டுவிட்டது.

கில்பர்ட் உள்ளே போய்ப் பெட்டியில் காதை வைத்தான். மிஷின் ஓடாத அந்த அறையில் அவன் மூச்சே அவனுக்குப் பெரிதாகக் கேட்டது. பிறகு அதுவும் கேட்டது. மெல்லிய விசில். நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று. அவன் காதைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். விஞ்ஞானி படபடவென்று வெடிக்கும் என்றுதான் சொல்லியிருந்தார்.

ஆனால் கல்யாணம் ஆக வேண்டுமே. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"பயப்படாதிய. பனி இறுகுனப்ப உள்ள மாட்டுன காத்து அது. பல ஆயிரம் வருசத்துக் காத்து. வெளிய வரப் பாக்குது."

"ஆரு விட்ட காத்து?" என்றார் சோணைமுத்து.

"ஆரும் விடல."

"ஆரும் விடாத காத்து எப்படி விசிலடிக்கும்?"

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து லாரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

யேசுதாஸ் ஆளனுப்பி மாதா கோயில் உபதேசியாரை வரவழைத்தார். உபதேசியார் செபம் சொல்லிப் பெட்டியைத் திறந்து தீர்த்தம் தெளித்தார். வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதும் உள்ளே ஏதோ சடக்கென்று விரிசல் விட்டது. விசில் இரண்டு மடங்காகக் கேட்டது. உபதேசியார் முதுகைக் காட்டாமலே வாசல்வரை நடந்து, செருப்பை விட்டுவிட்டுப் போனார். இதைப் பார்த்த லாரி டிரைவரும் வண்டியைக் கிளப்பிவிட்டார். இறால் இன்னும் வண்டியில்தான் இருந்தது.

"ஏலே, என் இறாலு!" என்று யேசுதாஸ் அலறினார். "அந்தச் சனியன மொதல்ல என் வீட்டுக்குத் தூக்குங்க. இப்பவே பாத்து முடிச்சிருவோம்."

தூக்க யாரும் வரவில்லை. குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் உலகம்மாள் மட்டும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். பரமக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள்.

"உனக்குப் பயமா இல்லையாக்கா?" என்றான் கில்பர்ட்.

"இதுக்கு என்னத்தத் தம்பி பயப்படுறது" என்று பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் வைத்தாள் லீமாரோஸ். ஒன்றில் குழாய்த் தண்ணீரில் உறைந்த வீட்டு பிரிட்ஜ் ஐஸைப் போட்டாள். அது பேசாமல் மிதந்தது. இன்னொன்றில் கில்பர்ட் பெட்டியிலிருந்த துண்டைப் போட்டான்.

நீளமாக இரண்டு. குட்டையாக ஒன்று.

யேசுதாஸின் முகம் வெளுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இது சூசையில்ல?" என்றார். "வல நெறஞ்சா இப்படித்தான் அடிப்பான். அந்தா அந்தக் கடலுக்குள்ள இருந்து எனக்கு அடிப்பான்."

டம்ளரில் மறுபடி விசில் எழுந்து, மெல்லத் தேய்ந்து நின்றது.

"இங்கனதான் எங்கயாச்சும் கெடப்பான்னு நெனச்சிருந்தேன். ஒலகத்துக் கடைசிக்கே போயிட்டானா என் தம்பி? அங்கயிருந்து கூட்டியாந்துட்டியேலே!" அவர் கண்ணீரோடு லீமாரோஸின் கையைப் பிடித்து இழுத்து கில்பர்ட்டின் கையில் வைத்தார். "மாப்ள, நீ போனது நெசந்தான்."

லீமாரோஸ் அழுதுகொண்டே சிரித்தாள். கில்பர்ட்டுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் டம்ளரைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

காலிப் பெட்டியை எடுக்க வந்த உலகம்மாள் அவனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"கலியாணம் முடிவாயிருச்சுல்ல, இனிமே சொன்னா ஏச மாட்டியளே தம்பி? நீங்க கொண்டாந்த கட்டி முந்தாநேத்துக் கரண்டு போனப்பவே தண்ணியாப் போச்சு. பாவம், அந்தப் புள்ள வாழ்க்க கெட்டுறப்படாதேன்னு நம்ம கெணத்து ஐஸ ஒடச்சு வச்சேன், அது ராத்திரியில மிஷினு நிக்கிறப்பல்லாம் இப்படித்தான் விசிலடிக்கும்."