குழாய்க்கு ஒரு தலைவர்

"ஏன் மதினி, எம் மருமக சாக்கடைக்குள்ளயா பிள்ளை பெறணும்?"

எழுமலையில் வளைகாப்பு முடிந்து, மகளை அழைத்துக்கொண்டு கிளம்பவிருந்த இருளாயியிடம் சம்பந்தி சீனியம்மாள் இப்படித்தான் கேட்டாள். தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் அந்தத் தாய் வீடு, மதுரையில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் தரைத் தளத்தில் இருந்தது. மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும் கழிவுக் குழாய், சரியாக அவள் வாசலுக்கு மேலே உடைந்திருந்தது. வீட்டுக்குள் நுழையக் குடை பிடிக்க வேண்டும்.

"மொதல்ல குழாயச் சரி பண்ணுங்க. நானே வந்து பாத்துட்டு அனுப்பி வைக்கிறேன்," என்றாள் சீனியம்மாள்.

இருளாயி தனியாகத் திரும்பி வந்தாள். மறுநாள் வாரிய அலுவலகத்துக்குப் போனாள். மேசையில் இருந்தவர் அவள் மனுவைத் தொடவே இல்லை.

"தனி ஆளு மனுவெல்லாம் இப்ப வாங்குறதில்லம்மா. மக்கள் பங்கேற்போட பராமரிப்புன்னு திட்டம் வந்திருச்சு. குழு போட்டுத் தீர்மானமாக் கொண்டாங்க."

"கொண்டாந்தா குழாய மாத்திருவீகளா?"

"மொதல்ல பங்கேற்பக் காட்டுங்க."

பிளாக்கில் பன்னிரண்டு குடும்பங்கள். மாடிப்படியில் எலி செத்துக் கிடந்தால் தாண்டிப் போகிறவர்கள். ஆனால் குழு என்றதும் எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்கள். ஒரு தலைவர், நான்கு துணைத் தலைவர்கள், மூன்று செயலாளர்கள், மூன்று ஆலோசகர்கள்.

"எனக்கு?" என்றாள் இருளாயி.

"உறுப்பினர்னு ஒருத்தராவது வேணும்ல தங்கச்சி? அது நீதான்," என்றார் தலைவர் சின்னச்சாமி. மில்லில் இருந்த காலத்தில் சங்கத் தேர்தலில் ஆறு முறை நின்று ஆறு முறையும் தோற்றவர்.

முதல் தீர்மானம் குழாயைப் பற்றியதல்ல. பெயர்ப் பலகையைப் பற்றியது. பதினொரு பெயர்களும் பதவியோடு எழுதப்பட்டன. உறுப்பினர் பெயருக்கு இடம் போதவில்லை. பலகையை மாட்டச் சுவரில் துளை போட்டபோது, உள்ளே போன குடிநீர்க் குழாய் பொத்துக்கொண்டது.

"அண்ணே, இப்ப ரெண்டு தண்ணியும் எம் வாசல்லதான் விழுகுது!"

"இது நல்ல தண்ணிதான தங்கச்சி. அதக் கழுவி விட்டுரும்ல?"

அடுத்து, பங்கேற்பு என்றால் என்னவென்று காட்டச் சின்னச்சாமியே ஏணியில் ஏறினார். கழிவுக் குழாயின் உடைப்பில் பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றினார். கசிவு நின்றது. செயலாளர்களில் ஒருவர் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். ஒரு நாள் முழுக்க எல்லோரும் தலைவரைப் புகழ்ந்தார்கள்.

மறுநாள் காலையில் முதல் மாடியிலிருந்து நஜ்முன்னிசாவின் அலறல் கேட்டது.

"யா அல்லாஹ்! கீழ போறதெல்லாம் எங்க பாத்ரூமுக்கு ஏறி வருதே! என்ன வேல பாத்து வச்சிருக்கீங்கண்ணே?"

"நீங்க துணைத் தலைவர். இப்பிடிக் கத்தலாமா?"

"துணைத் தலைவர் வீட்டுக்குத்தான் மொதல்ல வருது!"

கீழே அடைத்துக் கிடந்த கழிவுக்கு வழி விடத் தலைவர் கடப்பாரையால் குழாயின் கீழ்ப்பக்கம் ஓர் ஓட்டை போட்டார். முன்பு ஒரு பக்கம் கசிந்தது, இப்போது மூன்று பக்கம் பீய்ச்சியது. இருளாயிக்குக் குடை போதவில்லை.

புதன்கிழமை சின்னச்சாமிக்கு ஒரு போன் வந்தது. வாட்ஸ்அப் படத்தை வாரியத்து அதிகாரி ஒருவர் பார்த்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேரில் வருகிறாராம்.

அவசரக் கூட்டம் கூடியது. குடிநீர் வால்வை மூடி வைப்பது, புது ஓட்டையிலும் டியூபைச் சுற்றுவது, அதன்மேல் பிளெக்ஸ் கட்டுவது, பத்திலிருந்து பன்னிரண்டு வரை மாடியில் யாரும் கழிப்பறைக்குப் போகாமல் இருப்பது என்று தீர்மானம் நிறைவேறியது.

"எங்க மாமிக்குச் சுகரு இருக்குண்ணே," என்றாள் நஜ்முன்னிசா.

"தீர்மானம்னா தீர்மானந்தான்."

இருளாயிக்கும் ஒரு யோசனை தோன்றியது. எழுமலைக்குப் போன் போட்டாள். "வெள்ளிக்கிழம வந்து பாருங்க மதினி. சரியாப் பத்து மணிக்கு வாங்க."

வெள்ளிக்கிழமை வாசல் உலர்ந்து கிடந்தது. 'மக்கள் பங்கேற்பில் மலர்ந்த குடியிருப்பு' என்ற பிளெக்ஸில் சின்னச்சாமி கைகூப்பிச் சிரித்தார். சீனியம்மாள் துணிப்பையோடு வந்து, மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி மாலைக்குத் தலை குனியவில்லை, பெயர்ப் பலகையைப் பார்க்கவில்லை. நேராகக் குழாயிடம் போய் பிளெக்ஸைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு சொட்டுக்கூட இல்லையே! என்ன போட்டீங்க?"

"சைக்கிள் டியூபு சார்."

"புதுசா, பழசா?"

"பழசு சார். அதான் வழுக்காது."

"எத்தனை சுத்து?"

"ஏழு சார்."

அதிகாரி சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். குழாயின் பருமனைச் சாணால் அளந்தார். இவ்வளவு நுணுக்கமாக விசாரிக்கும் அதிகாரியைக் குழு பார்த்ததே இல்லை. பதினொரு பதவிகளும் நெஞ்சை நிமிர்த்தின.

சீனியம்மாளின் முகமும் இளகியது. "பரவாயில்ல மதினி. பெரிய ஆபீசரே வந்து நின்னு பாக்குறாரு. நாளைக்கே பிள்ளைய அனுப்பிருவேன்."

அந்தச் சந்தோஷத்தில் இருளாயிக்குத் தைரியமும் வந்துவிட்டது. குழுவின் ஒரே உறுப்பினர் முன்னால் வந்து கும்பிட்டாள்.

"ஐயா, எம் மக பிரசவத்துக்கு வாரா. அதுக்குள்ள புதுக் குழாய் போட்டுக் குடுத்துருவீகளா?"

அதிகாரி காதில் வாங்காமல் குழாயைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஜீப்பில் சாய்ந்து நின்ற டிரைவர்தான் சிரித்தான்.

"புதுக் குழாயா? யக்கா, ஐயா குடியிருக்கிறதும் வாரியத்து வீடுதான். அங்க மூணு வருசமா அவரு தலையிலயே ஒழுகுது. நீங்க எப்பிடி அடைச்சீகன்னு கத்துக்கிட்டுப் போகத்தான் இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்காரு."

சீனியம்மாள் பையைத் தோளில் மாட்டினாள். உலர்ந்த வாசலிலும் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.