வெள்ளை நாயோடு வந்தவள்

"சார், கொஞ்சம் பின்னால போய் உட்காருங்க," என்றான் சுற்றுலா வேன் ஓட்டும் கவிகா.

"எதுக்கு?" என்றார் ஹாலிஸ். ஒஹாயோவிலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவர். முன் சீட்டுக்காகச் சேவலை எழுப்பிவிட்டு வந்து ஹோட்டல் வாசலில் நின்றவர்.

"இவங்க உட்காரணும்."

'இவங்க' என்றது, வெளியே மழையில் நின்ற கிழவியை. தலை தும்பைப்பூவாக நரைத்திருந்தது. ஹிலோ நகரத்திலிருந்து எரிமலைக்கு ஏறும் சாலையில், கிளென்வுட் கிராமம் தாண்டி, மூடுபனிக்குள் ஒற்றையாக நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தீவில் பிறந்த எவனும் அந்தச் சாலையில் வெள்ளைமுடிக் கிழவியைத் தாண்டி வண்டி ஓட்டமாட்டான். எரிமலையின் சொந்தக்காரியான தெய்வம் பெலே அப்படித்தான் வேஷம் போட்டு வந்து மனிதர்களைச் சோதிப்பாள். நிறுத்தாமல் போனவர்களின் வீட்டைத் தீக்குழம்பு தெருத்தெருவாக விசாரித்து, கதவைத் தட்டி, உள்ளே போய் உட்கார்ந்த கதைகள் ஆயிரம் உண்டு.

போதாக்குறைக்கு, கவிகா தன் சீட்டிலிருந்தே பக்கக் கதவைத் திறந்துவிட்டு, இறங்கி முன்புறமாகச் சுற்றி வந்து பார்த்தால், கிழவியின் காலடியில் ஒரு வெள்ளை நாய். பெலேவின் நாயும் வெள்ளை.

"ஏறுங்க ஆன்டி."

"வேணாம் தம்பி, நான் சும்மா..."

"ஏறுங்க. எனக்குப் பொண்டாட்டி இருக்கா, புள்ளை இருக்கு, கூரை இப்பத்தான் புதுசா போட்டேன்."

கிழவி நாயைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபேச்சில்லாமல் ஏறிவிட்டாள். நாயும் ஏறியது. ஹாலிஸ் முனகிக்கொண்டே பின்னால் போனார்.

அந்த முனகல் புகாராக மாறிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டான் கவிகா. முதலாளி வெண்டல் போன வாரமே சொல்லியிருந்தார்: இன்னொரு புகார் வந்தால் ஸ்டீயரிங்கைப் பிடுங்கிவிட்டு ஹோஸ் பைப்பைக் கொடுப்பேன், ஆயுசுக்கும் வண்டி கழுவு.

கொஞ்சதூரம் போனதும் இன்னொரு பயம் வந்தது. பயணிகளின் மதியச் சாப்பாடு பெட்டி நிறைய ஸ்பாம் முசுபி. சோற்றுக் கட்டியின் மேல் பன்றிக்கறி. பெலேவின் பழைய புருஷனோ பன்றி உருவம் எடுப்பவன். அறுத்துக்கொண்டு வந்தவள் மூக்கருகே மாஜி மாப்பிள்ளையை மணக்க மணக்க வைப்பதா?

சாலை போடும் ஆட்களைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தான்.

"அது எங்க சாப்பாடுதானே?" என்றார் ஹாலிஸ்.

"ஆமா சார்."

"அவங்க ஏன் சாப்பிடறாங்க?"

"பசிக்குது போல."

கிழவி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, "உஷ்ணமா இருக்கு," என்று முணுமுணுத்தாள். எரிமலைக்காரி உஷ்ணம் என்றால் சும்மாவா? கவிகா ஏசியை முழுவதும் திருகினான். பின் சீட்டுகளில் பற்கள் தாளம் போட்டன. பனிக்குப் பயந்துதான் ஒஹாயோவைவிட்டே ஓடிவந்தேன் என்றார் ஹாலிஸ். மூக்கு நீலமாகிவிட்டது.

"எங்க இறங்கணும் ஆன்டி?"

"நீ எங்க இறக்கிவிட்டாலும் சரி தம்பி." குரல் நடுங்கியது.

சோதிக்கிறாள், என்று முடிவு கட்டினான் கவிகா. அவள் வீடு எரிமலை வாய்தான். ஆர்க்கிட் தோட்டத்தை விட்டான், கொட்டைப் பருப்புத் தொழிற்சாலையை விட்டான், கழிவறையைக்கூட விட்டான். வண்டி பறந்தது. அதற்குள் ஹாலிஸ் வெண்டலுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, போனை நீட்டினார். கவிகா ஓரம் கட்டி வாங்கினான்.

"டேய், என்னடா பண்றே?"

"பாஸ், வண்டியில அவங்க இருக்காங்க."

"எவங்க?"

"அவங்கதான். வெள்ளைமுடி."

"எங்க அம்மாவுக்கும் வெள்ளைமுடிதான்டா. அதுக்காகக் கும்பிட்டுக்கிட்டா இருக்கேன்?"

"வெள்ளை நாய் இருக்கு பாஸ்."

மறுமுனையில் வெண்டல் நாற்காலியை விட்டு எழுந்த சத்தம் கேட்டது. பிறகு குரல் இறங்கி வந்தது. "என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா?"

"இல்ல."

"கேட்டா தங்கமானவன்னு சொல்லு. கேட்டுக்கடா, அவங்களா இருந்தா எந்தப் புகாரையும் நான் பார்த்துக்கறேன். வேற எவளோ கிழவியா இருந்தா, நாளைக்குக் காலையில ஹோஸ் பைப் உன் கையில."

எல்லோரும் வந்து இறங்கியபோது எரிமலை வாயிலிருந்து ஆவி பொங்கிக்கொண்டிருந்தது. கவிகா அவசரமாகப் புதரிலிருந்து ஒரு கை ஓஹெலோ பழம் பறித்துவந்து கிழவிக்குப் படைத்தான். அந்தப் பழத்தை முதலில் பெலேவுக்குக் கொடுக்காமல் யாரும் வாயில் போடமாட்டார்கள். கிழவி வாங்கி, ஒன்றுகூட வாயில் போடாமல், அத்தனையையும் நாயின் முன்னால் பணிவாக வைத்தாள். என்ன கருணை, என்று கவிகாவுக்குக் கண் கலங்கியது.

திரும்பினால், ஹாலிஸ் குனிந்து ஒரு எரிமலைக் கல்லைப் பாக்கெட்டில் போடுகிறார். பெலேவின் கல்லை, பெலேவின் கண்ணெதிரே.

"சார், வைங்க அதை."

"சாப்பாடுதான் இல்ல, கல்லாவது எடுத்துக்கறேன்."

கவிகா பாக்கெட்டுக்குள் கையை விட்டான். ஹாலிஸ் இழுத்தார். கல் ஒரு பக்கம், பாக்கெட் ஒரு பக்கம், பாதி பேன்ட் இன்னொரு பக்கம் போயிற்று. மற்ற பயணிகள் அதைத் தீவின் பாரம்பரியக் கலை என்று நினைத்துக் கைதட்டிப் படம் எடுத்தார்கள்.

"நான் கேஸ் போடறேன்," என்றார் ஹாலிஸ், தொடையைத் தொப்பியால் மறைத்துக்கொண்டு.

கவிகா ஓடிப்போய்க் கிழவியின் முன் மண்டியிட்டான். "ஆன்டி, நீங்க யாருன்னு ஒரு வார்த்தை இவர்கிட்ட சொல்லிடுங்க. இல்லேன்னா என் பொழப்பு போச்சு."

"நானா? நான் கிளென்வுட் மோமி. ஹிலோவுல பல் டாக்டரைப் பார்க்கணும்னு ரோட்டைக் கடந்து பஸ் பிடிக்க நின்னேன்."

கவிகாவின் முகம் வெளுத்தது. "அப்புறம் எதுக்கு ஆன்டி என் வண்டியில ஏறினீங்க?"

கிழவி நாயை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தாள்.

"மாட்டேன்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா தம்பி? நீ கதவைத் திறந்ததும், உன் வண்டிக்குள்ளேருந்துதானே இது இறங்கி வந்துச்சு."