கைகூப்பினால் முனகும் கிற்றார்

சனிக்கிழமை எனக்கு ஒரேயொரு வேலைதான் இருந்தது. என் பேஸ் கிற்றாரின் இரைச்சலை நிறுத்த வேண்டும்.

பேஸ் கிற்றாரைக் கண்டிராதவர்களுக்கு ஒரு குறிப்பு: சாதாரண கிற்றாருக்கு ஆறு கம்பி, இதற்கு நான்கு. நான்கும் தடித்தவை. வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாளே என் கணவர் ஒரு கம்பியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதில எருமையே கட்டலாமப்பா!" என்றார்.

நாற்பத்தொன்பது வயதில் கிளிநொச்சியில் வாங்கினேன். மூன்று கிற்றார்களை மடியில் வைத்துப் பார்த்தேன். மூன்றின் கழுத்தையும் அடிமட்டத்தால் அளந்தேன். என் விரல்கள் குட்டை. மிக ஒடுங்கிய கழுத்து எதுவோ அதுவே எனக்கு.

விற்றவர் கனடாவுக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தார். "அக்கா, கிற்றார் வாங்க அடிமட்டத்தோட வந்த முதல் ஆள் நீங்கள்தான்!" என்றார்.

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

வாங்கியதை வாங்கியபடியே வைத்திருக்க என்னால் இயலாது. விரல் இழுபடும் சத்தம் கேட்கிறது என்று கம்பிகளைக் கழற்றி, வழவழப்பான கம்பிகள் போட்டேன். வியர்வையில் வழுக்குகிறது என்று சத்தம் கூட்டும் குமிழை மாற்றினேன். திருகாணிகள் எல்லாம் பெயர் ஒட்டிய சிறு போத்தல்களில் இருக்கின்றன.

தொழிலால் நான் விவசாயப் போதனாசிரியை. கண்டாவளைப் பக்கத்து வயல்காரருக்குப் பூச்சி பீடைகளைப் பற்றி வகுப்பெடுக்கிறேன். இந்தத் தகவலைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். பிறகு இதை எனக்கு எதிராகவே எடுப்பார்கள்.

இனி இரைச்சலுக்கு வருவோம். கை கம்பியில் இருக்கும்வரை கிற்றார் அமைதியாக இருக்கும். கையை எடுத்தால் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து ‘ம்ம்ம்ம்ம்’ என்று ஒரு முனகல் வரும்.

வீட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் நான் வாசிப்பது தேவாலயப் பாடற்குழுவில். "மன்றாடுவோமாக" என்று பாதர் சொல்வார். நான் கையை எடுத்துக் கூப்புவேன். கிற்றார் முனகத் தொடங்கும்!

போன ஞாயிறு, நற்கருணைக்குப் பிந்திய மௌனத்தில் அது உச்சத்தைத் தொட்டது. முன்வரிசை வாங்கில் இருந்தவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். எங்காவது தேன்கூடு கட்டியிருக்கிறதோ என்று பாதர் கூரையைப் பார்த்தார். பாடற்குழுத் தலைவி மெற்றில்டா அக்கா மட்டும் நேராக என்னைப் பார்த்தார்.

பூசை முடிந்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஜெசிந்தா, நாங்கள் செபிக்கேக்க உது என்ன செய்யுது? உதுவும் செபிக்குதோ?"

"நிலக்கம்பிப் பிரச்சினை அக்கா, எர்த் வயர். கவசம் போட்டால்..."

"எனக்கு உந்தக் கதையெல்லாம் வேண்டாம். வாற ஞாயிறும் மௌனத்தில ஒரு முனகல் கேட்டுதெண்டால், கீபோட் ஒண்டே எங்களுக்குக் காணும். உதைக் கொண்டுபோய் அலுமாரிக்குள்ள வையும். விளங்குதோ?"

"விளங்குதக்கா."

அந்தப் பாடற்குழுவில் என் கிற்றாருக்கு இடம் கிடைக்க இரண்டு வருடங்கள் எடுத்திருந்தன. அதை ஒரு முனகலுக்காக விட்டுக்கொடுப்பதா?

மருந்து எனக்குத் தெரிந்திருந்தது. கிற்றாரின் பின்பக்கத்தில், மூடிக்கு உள்ளே, வயர்கள் இருக்கும் ஒரு குழி உண்டு. அந்தக் குழியின் சுவர் முழுவதையும் செப்பு நாடாவால் மூடினால் இரைச்சல் அடங்கும். சனிக்கிழமை காலை பட்டணத்து மின்சாமான் கடைக்குப் போனேன்.

"செப்பு நாடா இருக்கோ?"

"செப்பில நாடாவோ? இன்சுலேசன் ரேப் இருக்கு அக்கா. கறுப்பு, சிவப்பு, பச்சை."

"மெல்லிய செப்புத் தகடு இருந்தாலும் காணும்."

கடைக்காரர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "தகடோ? அது கோயிலடிக் கடையில விக்கினம். யந்திரம் கீறுறதெல்லோ? ஆருக்குக் கட்டப் போறியள்?"

"கிற்றாருக்கு."

"ஐயோ! அதுக்கும் ஆரோ செய்வினை செய்துபோட்டினமோ?"

கழுத்தில் சிலுவை தொங்க நான் போய் யந்திரத் தகடு வாங்கினால், நான் வீடு போய்ச் சேரமுன் செய்தி மெற்றில்டா அக்காவிடம் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே, சாப்பாடு சுற்றுகிற அலுமினியத் தாளில் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதுவும் உலோகம்தானே! செப்பு நாடாவில் பசை இருக்கும், இதில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

வீட்டில் பசைப் போத்தல் காய்ந்து கல்லாகிக் கிடந்தது.

"என்ரை சைக்கிள் ரியூப் ஒட்டுற சொலூசன் கிடக்கு. எடுத்து ஒட்டுமன்" என்றார் கணவர்.

"அது கிற்றாரில பூசின வாணிசைக் கரைக்கும்."

"கரைக்காது."

"உங்களுக்கு இரசாயனம் தெரியுமோ?"

"எனக்குச் சைக்கிள் தெரியும்."

பட்டப்படிப்பில் இரசாயனம் படித்தவள் நான். அவரோடு விவாதிப்பதில் பயனில்லை என்று கண்டு குசினிக்குள் போனேன். நத்தாருக்கு நட்சத்திரக் கூடு ஒட்டுவதற்கு மாப்பசை காய்ச்சுவோம் அல்லவா? அதையே காய்ச்சினேன். இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மா, ஒரு கோப்பை தண்ணீர், நல்ல பிடிப்புக்கு ஒரு தேக்கரண்டி சீனி.

பூச்சி வராமலிருக்க அதற்குள் ஒரு சிட்டிகை மயில்துத்தமும் போடுவது வழக்கம். ஆனால் துத்தம் அலுமினியத்தை அரிக்கும். கூடு ஒட்டுகிறவர்களுக்கு இது தெரியாது, எனக்குத் தெரியும். ஆகவே துத்தத்தைத் தவிர்த்தேன்.

சீனியைத் தவிர்க்கவில்லை.

மூன்று மணித்தியாலம் குனிந்தபடி வேலை செய்தேன். தாளை அளந்து வெட்டினேன். ஒரு துண்டின் உலோகம் அடுத்த துண்டின் உலோகத்தைத் தொட வேண்டும் என்பதற்காக ஓரங்களை மடித்தேன். நிலக்கம்பியை ஒரு திருகாணியால் தாளோடு இறுக்கினேன். மின்சாரம் ஓடுகிறதா என்று மீற்றரை வைத்து மூலைக்கு மூலை சோதித்தேன். குழி உள்ளே வெள்ளிப் பாத்திரம் போல மின்னியது. மூடியைப் போட்டு, ஒலிபெருக்கியில் இணைத்தேன்.

கம்பியிலிருந்து கையை எடுத்தேன்.

அமைதி!

நம்பமுடியாமல் கைகூப்பிப் பார்த்தேன். அமைதி! கூப்பிய கையோடு குனிந்து காதை வைத்துப் பார்த்தேன். ஒரு சின்ன முனகல்கூட இல்லை!

கதவடியில் கணவர் நின்றார். "என்னப்பா, இப்ப கிற்றாரையே கும்பிடத் துவங்கிட்டீரோ?"

பசை அடுப்படிச் சூட்டில் நன்றாகக் காயட்டும் என்று கிற்றாரைக் குசினிச் சுவரில் சாய்த்து வைத்தேன். அதற்குப் பக்கத்திலேயே எங்கள் சாப்பாட்டு அலுமாரி நிற்கிறது. அலுமாரியின் நான்கு கால்களும் தண்ணீர் நிரப்பிய நான்கு தகரப் பேணிகளுக்குள் நிற்கின்றன. ஏன் அப்படி நிற்கின்றன என்று ஒரு கணமாவது யோசித்திருக்கலாம்.

யோசிக்கவில்லை. ஞாயிறு காலை கிற்றாரைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, கணவரின் மோட்டார்சைக்கிளில் ஒரு வெற்றிவீராங்கனையைப் போலப் புறப்பட்டேன்.

வருகைப் பாடல் தொடங்கியது. அதன் முதல் சுரம் மிகத் தடித்த கம்பியில் வருவது. அதை மீட்டினால் கிற்றாரின் உடம்பு முழுவதும் அதிரும். அந்த அதிர்வு வயிறுவரை வந்து சேரும். எனக்கு மிகவும் பிடித்த சுரம்.

மீட்டினேன். சத்தக் குமிழின் அடியிலிருந்து ஒரு எறும்பு வெளியே வந்தது.

ஊதிவிட்டேன். மறுபடியும் மீட்டினேன். மூன்று வந்தன. சின்னவை, சிவப்பு நிறம். சுள்ளெறும்பு!

தியானப் பாடலின்போது ஓர் ஆராய்ச்சியாளருக்குரிய பொறுமையோடு கவனித்தேன். மெல்லிய கம்பியை மீட்டினால் ஒன்றும் வருவதில்லை. தடித்த கம்பியை மீட்டினால் பத்துப் பதினைந்து வருகின்றன. உள்ளே விருந்து நடக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் அவர்கள் வீட்டுக் கூரையில் இடி விழுத்துகிறேன்.

ஆகவே தடித்த கம்பியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, எல்லாவற்றையும் மேல் சுரத்தில் வாசித்தேன்.

மெற்றில்டா அக்கா கழுத்தைத் திருப்பினார். பாடிக்கொண்டே நிலத்தை நோக்கி விரலைக் காட்டினார். "கீழ! கீழ வாசியும்!" என்று உதடு மட்டும் சொன்னது.

கீழே வாசித்தேன்.

அவர்கள் வயர் செருகும் துளை வழியாகவும் வெளியேறத் தொடங்கினார்கள்! ஒரு பிரிவு என் முழங்கையில் ஏறியது. இன்னொரு பிரிவு தோள்வாரைப் பிடித்து, வரிசை குலையாமல், என் சட்டைக் கையை நோக்கி நடந்தது. காணிக்கைப் பாடலின் இரண்டாவது அடியில் முதலாவது கடி விழுந்தது.

வாசிக்கும்போது இரண்டு கையும் வேலையில் இருக்கும். தட்டவும் இயலாது, சொறியவும் இயலாது. உடம்பை மட்டும்தான் அசைக்கலாம். வலத்தோளைக் குலுக்கினேன். இடத்தோளைக் குலுக்கினேன். முதுகில் ஒன்று கடித்தபோது ஒரு அரைச்சுற்றுச் சுற்றி வந்தேன்.

மூன்றாம் வாங்கில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள்! நான்காம் வாங்கும் சேர்ந்துகொண்டது. எங்கள் தேவாலயத்தில் காணிக்கைப் பாடலுக்குக் கைதட்டியதை நான் கண்டதேயில்லை. பீடத்திலிருந்து பாதர் முகம் மலர்ந்து தலையசைத்தார். நான் இன்னொரு அரைச்சுற்றுச் சுற்றினேன். வேறு வழி இருக்கவில்லை.

நற்கருணை முடிந்தது. மௌனம் வந்தது.

கம்பியிலிருந்து கையை எடுத்தேன். கைகூப்பினேன். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சிறு சத்தமும் இல்லை. மெற்றில்டா அக்கா நம்பமுடியாமல் என்னைப் பார்த்தார். நான் பெருமையோடு கண்ணை மூடினேன்.

அந்தக் கணத்தில், அக்குளுக்குள், மூன்று பேர் ஒன்றாகக் கடித்தார்கள்.

பல்லைக் கடித்தேன். உதட்டை இறுக மூடினேன். ஆனால் மூச்சு மூக்கு வழியாக வெளியேறியது. "ம்ம்ம்ம்ம்..."

முன்வாங்கு மின்விசிறியைப் பார்த்தது. பாதர் கூரையைப் பார்த்தார்.

மெற்றில்டா அக்காவின் முகம் மாறியது. கால் விரல்களில் நடந்து வந்து ஒலிபெருக்கியை நிறுத்தினார்.

"ம்ம்ம்ம்ம்..."

குனிந்து, சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கினார்.

"ம்ம்ம்ம்ம்ம்ம்!"

கையில் பிளக்கோடு அவர் மெல்ல நிமிர்ந்தார். கிற்றாரைப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் கன்னத்தில் ஒரு எறும்பு நடந்துகொண்டிருந்தது.

என் வாழ்நாளில் ஒரு கிற்றாரின் குற்றமின்மை இவ்வளவு தெளிவாக நிரூபிக்கப்பட்டதை நான் கண்டதில்லை.

பூசை முடிந்ததும் வாசலடியில் மூடியைக் கழற்றினேன். பாதர் எட்டிப் பார்த்தார். பாடற்குழு எட்டிப் பார்த்தது. அலுமினியத் தாளின் மேல் சிவப்பாக ஒரு ஊரே ஓடித்திரிந்தது.

"என்ன போட்டு ஒட்டினனீர்?" என்றார் மெற்றில்டா அக்கா.

"மாப்பசை. கொஞ்சம் சீனி..."

"சீனியோ!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சூசை அண்ணை முன்னே வந்தார். கண்டாவளையில் நெல் விதைக்கிறவர். என் வகுப்பில் எப்போதும் முன்வரிசையில் இருப்பவர். குழிக்குள் நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"மிஸ், போன புதன்கிழமை வகுப்பில என்ன சொன்னனீங்கள்? பீடை வந்தாப் பிறகு மருந்தடிக்கிறதை விட, வராமல் பாக்கிறதுதான் புத்தி எண்டெல்லோ?"

"ஓம் அண்ணை."

"இது வராமல் பாத்த மாதிரித் தெரியேல்லை மிஸ். வெத்திலை வைச்சு அழைச்ச மாதிரியெல்லோ கிடக்கு!"

பாதர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு தீர்ப்பைச் சொன்னார்: "மெற்றில்டா, கிற்றார் மௌனம் காத்ததெல்லோ? அது நிக்கட்டும்."

"அது நிக்கட்டும் பாதர். இவாவை என்ன செய்யிறது?"

"இவாவும் நிக்கட்டும். ஆனால் ஜெசிந்தா, வாற கிழமையும் காணிக்கைப் பாட்டுக்கு அந்தச் சுத்து வேணும். சனத்துக்கு நல்லாய்ப் பிடிச்சுப்போச்சு."

வீட்டுக்கு வந்து தாளை உரித்து, பசையைச் சுரண்டி, குழியைத் துடைத்தெடுத்து, வெயிலில் காயவைத்தேன். பின்னேரம், கணவர் நித்திரை கொள்ளும் நேரம் பார்த்து, புதுத் தாளை வேறொரு பசையால் ஒட்டி முடித்தேன். கிற்றார் இப்போது ஒரு முக்காலியின் மேல் இருக்கிறது. முக்காலியின் மூன்று கால்களும் மூன்று தண்ணீர்ப் பேணிகளுக்குள் நிற்கின்றன. இரைச்சலும் இல்லை, எறும்பும் இல்லை.

சைக்கிள் சொலூசன் வாணிசைக் கரைப்பதில்லை. இதை அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.