பின்சிறகு தெரிய வேண்டும்

நம்மிடையே பேர்சொல்லி என்றொரு இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். முற்றத்து விளக்கில் முட்டி விழுந்த அந்துப்பூச்சியை நீங்கள் ஐயோ பாவம் என்று பார்த்து நிற்கும்போதே, வாட்சப் குழுவில் அதற்கு லத்தீனில் பேர் போட்டு, முந்திப் பேர் போட்டவனைத் திருத்தி, படம் எடுத்தவனுக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது என்றும் எழுதிவிட்டு, சாயா குடிக்கப் போகும் பிராணி அது. பூச்சி செத்ததா, பிழைத்ததா? அதற்கென்ன கவலை.

அமரவிளை ராஜதாஸ் சார் அதில் நன்றாக முற்றின ஒன்று. அச்சாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பூச்சிகளைப் பிரித்துச் சொல்ல இந்தத் தாலுகாவில் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்று அவரே ஒத்துக்கொள்வார்.

அவரிடம் போய்ச் சேர்ந்தாள் வெள்ளறடை ஓமனா. புருஷன் வீட்டார் தலையில் அடித்துக்கொள்ள, ரப்பரை வெட்டிவிட்டு ரம்புட்டான் வைத்தவள். இது முதல் காய்ப்பு. பழுக்கிற பழத்தில் எல்லாம் ஊசி குத்தினதுபோல் ஓட்டை, சுற்றிலும் அழுகல். குத்துகிற அந்துப்பூச்சி ஒன்றைப் பிடித்து டப்பாவில் கொண்டுவந்து, மரங்களுக்கு வலை போட்டுவிடட்டுமா என்று கேட்டாள்.

சார் லென்ஸை எடுத்தார். அந்தச் சாயலில் இரண்டு வகை உண்டாம். இரண்டுக்கும் பின்சிறகு மஞ்சள். ஒன்றுக்கு அதில் வட்டமாகக் கறுப்புப் பொட்டு, மற்றதற்கு வளைந்த கறுப்பு. இவள் கொண்டுவந்ததில் அந்த இடம்தான் பிய்ந்திருந்தது.

"வலைய இப்பம் போடாத மக்கா. முழுசா ஒண்ணு வரட்டு. பேரு தெரியாம வெரட்டப்பிடாதாக்கும்."

"எந்தப் பேரானாலும் வலைதான சாரே?"

"அது சயன்ஸ் இல்ல."

படித்த மனிதர் சொல்கிறாரே என்று அவளும் வலையைச் சுருட்டி வைத்தாள். பூச்சிகள் சொந்தபந்தத்தோடு வந்தன. அவள் பிடித்துக் கொடுத்ததில் ஒன்றுக்குப் பொடி உதிர்ந்திருந்தது, ஒன்றுக்குச் சிறகு விரியவில்லை. ஒருவழியாக ஒன்று சாருக்குத் திருப்தியாக அமைந்தது. படம் எடுத்துப் பேரைப் போட்டார். குழுவில் ஒரே கைதட்டல். அன்றைக்குத்தான் நெய்யாற்றின்கரைப் பழக்கடைக்காரர் வந்து, மரங்களை அண்ணாந்து பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போனார். புருஷன் வீட்டார் வாசலில் நின்று சிரித்தார்கள். ஓமனா சாரை போனில் கூப்பிட்டு, பழம் பூராவும் போச்சு என்றாள்.

"போவட்டு மக்கா. பேரு கிடைச்சுல்லா."

மனிதனா இவன் என்று உங்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறதா? வரட்டும், நல்லதுதான். ஆனால் கடைசியில் பிடிபட்டது வட்டப் பொட்டா, வளைந்த கறுப்பா என்று இந்தக் கதைசொல்லி சொல்லாமலே விட்டானே என்று இந்நேரம் உள்ளுக்குள் ஒரு நமைச்சல் இருக்குமானால், தயவுசெய்து ஓமனா வீட்டுப் பக்கம் போய்விடாதீர்கள்.