ஆடாத ஆட்டத்துக்கு நாள் குறிப்பவர்கள்

மனிதர்களில் ஒரு சாதி உண்டு. பந்தைத் தொட மாட்டார்கள், மைதானத்துப் பக்கம் போக மாட்டார்கள், கொஞ்சம் வெயில் பட்டாலே தலைவலி என்று படுத்துவிடுவார்கள். ஆனால் எந்த அணி எந்த அணியோடு எந்தத் திகதியில் மோத வேண்டும் என்று அட்டவணை போடச் சொன்னால் சோறு தண்ணி மறந்துவிடுவார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்ததோடு நிற்கவில்லை. வாடகைக்கு அறையும் கொடுத்தேன்.

கண்டி, கட்டுக்கலையில் என் வீட்டு முன்னறையில் சோதிலிங்கம் என்று ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க் இருந்தான். சண்டைக் காலம், அவன் பெயரைப் பொலிஸில் பதிந்துதான் வைத்திருந்தேன். அவனிடம் ஒரு கொம்பியூட்டர், அதற்குள் ஒரு கிரிக்கெட் விளையாட்டு. அதில் நாம் அடிப்பதுமில்லை, ஓடுவதுமில்லை. அணிகளை நடத்துவதுதான் வேலை. வெளிநாட்டு அணிகள் அலுத்துப்போய், தெல்தெனிய, மடுல்கெல்ல, பன்வில என்று சுற்றுவட்டார ஊர்ப் பெயர்களில் தானே அணிகளை உண்டாக்கி, கண்டிக் கிண்ணம் என்று ஒரு போட்டியையும் தொடங்கினான். தொடங்கினானா? எங்கே! அட்டவணை போட்டான், அழித்தான், மறுபடி போட்டான்.

"பைத்தியமா தம்பி ஒங்களுக்கு?" என்று கேட்கத்தான் அறைக்குள் போனேன். கதிரையில் உட்கார்ந்தேன். தொலைந்தேன்.

"பௌர்ணமிப் போயா அன்னைக்கு, சனமெல்லாம் விகாரைக்குப் போற நாள்ல மெட்ச் வைக்கிறீங்களே, எவன் வருவான்?" மாற்றினான். "இருட்டுற நேரம் முடிச்சா பன்விலக்காரன் பஸ்ஸுக்கு எங்க போவான்?" அதையும் மாற்றினான். ஊரில் ஊரடங்கு போட்டால் கொம்பியூட்டருக்குள் இருக்கிற மெட்சையும் தள்ளி வைத்தோம். இல்லாத பிள்ளைகளை ஆமிக்காரன் வழியில் மறிக்கக் கூடாதே என்று விளக்கு வைத்து வேண்டிக்கொண்டேன். செத்துப்போன என் மனுசன் கலவரத்தில் ஊருக்குள் மாட்டிக்கொண்டபோதுகூட இவ்வளவு வேண்டியதில்லை.

அட்டவணையைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்ன புத்திசாலி யார்? நான்தான். ஊர்ப்பெயர், திகதி, நேரம், எல்லாம் சிவப்பு மையில். எங்கே? சண்டை நடக்கிற நாட்டில், தமிழ்ப் பொடியன் ஒருவனின் கட்டிலுக்கு மேலே.

ஒருநாள் காலையில் வீடு வீடாகச் செக்கிங் வந்தது. தாளைக் கண்ட சார்ஜன்ட் சோதிலிங்கத்தின் கொலரைப் பிடித்தார்.

"சனிக்கிழமை தெல்தெனியவுக்கு யார் போறது? என்ன செய்யப் போறீங்க?" என்று சிங்களத்தில் கத்தினார்.

"ஒருத்தரும் இல்லை சேர். விளையாட்டு," என்றான் அவன்.

ஜீப் வாசலில் நின்றது. ஏற்றினால் எப்போது இறக்குவார்கள், இறக்குவார்களா என்று யாருக்குத் தெரியும்?

"போட்டுக் காட்டுங்க தம்பி, போட்டுக் காட்டுங்க!" என்று கத்தினேன்.

கொம்பியூட்டரைப் போட்டான். சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் சிவந்தது.

"எங்க ஊரு தெல்தெனியவுக்கு மட்டும் ஏன் அடுத்தடுத்த நாள் மெட்ச்? பயலுகளுக்கு ஓய்வு வேணாமா?"

கொலரைப் பிடித்த கை கழன்றது. கதிரையை இழுத்தது.

"அதத்தான் நானும் சொன்னேன் மாத்தையா, இந்தத் தம்பி கேட்டாத்தானே!" என்றேன்.

"அம்மா! நீங்கள்தானே அப்பிடிப் போடச் சொன்னனீங்கள்?"

"வாய மூடுங்க தம்பி. உசுரு தப்புனது போதும்."

ஜீப்பில் இருந்தவர்கள் ஹோர்ன் அடித்துக் கூப்பிட்ட பிறகுதான் சார்ஜன்ட் எழுந்தார். தாளைக் கிழிக்கச் சொல்லிவிட்டுப் போனார். கிழித்தேன். சோதிலிங்கம் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் இருந்தான். பாவம், ஒரு வாய் தேத்தண்ணி கொடுப்போம் என்று எனக்குத் தோன்றியதா?

"தெல்தெனியவ திங்கக்கெழமைக்குத் தள்ளினா இறுதி ஆட்டம் எப்ப தம்பி?" என்று கேட்டேன்.

காறித் துப்புங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. ஒரு தாயின் பிள்ளை ஜீப்பில் ஏறாமல் தப்பியிருக்கிறான். அதை விட்டுவிட்டு, கடைசியில் கிண்ணம் யாருக்குப் போனது என்று கேட்க உங்கள் நாக்கு துடிக்கிறதே, அதை என்னிடம் மறைக்காதீர்கள். கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன், வாருங்கள்.