நாலாவது தோள்

திண்டிவனத்தில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் கோதண்டபாணி ஒரு பெரிய முடிவுக்கு வந்தான். மாமனாரின் பாடையைத் தூக்கியே தீருவது. என்ன, மாமனாரை எரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

மகன் இல்லாத மனுஷர் தேவநாதன். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு, தோள் நீதான் கொடுக்கணும் என்று கேட்டார். இவனும் பூம்பூம் மாடாகத் தலையாட்டினான். ஆனால் பிணம் என்றால் இவனுக்குக் குலை நடுங்கும். கோலியனூருக்குப் பக்கத்தில் இருக்கும் மாமனார் ஊரில் பாடை தெருமுனையைத் தாண்டியதுமே நழுவி, வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்குள் உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் திரும்பும் நேரம் பார்த்து பம்புசெட்டில் ஒரு முழுக்குப் போட்டு, ஈர வேட்டியோடு வந்து நின்றான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது அந்த ஊர் வழக்கம். அந்தத் தைரியத்தில், சுடுகாடு வரைக்கும் தோள் மாற்றாமல் தூக்கியதாக மனைவி தமிழ்மணியிடம் அளந்தும் விட்டான்.

அவள் தன் தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாரடித்து அழுததில் பிடித்துக்கொண்டது போல என்று நினைத்தான். ஊர்க்காரர்கள் யாரும் இவனிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. துக்க வீடாயிற்றே என்று அதையும் விட்டுவிட்டான். நம்ம ஆள் அப்படி.

பிறகுதான் அவள் கேட்டாள். "எங்க ஊரு கேமராக்கார ராயப்பன் அண்ணன் சுடுகாடு வரைக்கும் வீடியோ எடுத்தாராமே. கருமாதிக்குக் கொண்டாங்க. நீங்க தூக்கிக்கினு போனத நான் பாக்கணும்."

"அது எதுக்கு தமிழு? பாத்தா அழுவ."

"அழுவத்தான் கேக்கறேன்."

கல்யாண வீடியோவில் மாப்பிள்ளைக்குப் பின்னால் ஹெலிகாப்டரையே இறக்கியவனுக்கு, பாடைக்கு அடியில் ஓர் ஆளை நுழைப்பது பெரிய காரியமா? பெரிய காரியம்தான். ராயப்பன் பாடைக்குப் பின்னால் நடந்துகொண்டே எடுத்திருந்தான். கேமரா எப்படி எப்படி ஆடியது என்று ஒரு சாஃப்ட்வேர் கணக்கெடுக்கும். கரண்டு கம்பம், பனைமரம் என்று அசையாத பொருளாகப் பார்த்துப் புள்ளி வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கை, படத்தின் மேல் படத்தை ஒட்டுகிற இன்னொரு சாஃப்ட்வேருக்கு மாற்ற வேண்டும். மாற்றினால்தான் ஒட்டிய ஆள் தரையில் நிற்பான். இல்லையென்றால் தனியாக மிதப்பான்.

பச்சைத் துணிக்கு முன்னால் மூங்கிலைத் தோளில் வைத்து, நின்ற இடத்திலேயே நடந்து, தன்னைத் தானே எடுத்துக்கொண்டான். கணக்கை முதல் தடவை மாற்றியபோது, முதல் சாஃப்ட்வேரில் மேலே என்றிருந்த திசை இரண்டாவதில் முன்னே என்று ஆகிப்போனது. மாமனாருக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், கோதண்டபாணி மல்லாக்கப் படுத்தபடி சுடுகாட்டுக்குப் போனான். பார்த்ததும் வேர்த்துக் கொட்டிவிட்டது. திசையைத் திருத்தினால் அளவு கோளாறாகி, பனைமர உயரத்துக்கு நின்றான். பேஜாரு. மறுபடி மறுபடி மாற்றி ஒரு வழியாகத் தரைக்கு வந்தான்.

ஒரே ஒரு இடைஞ்சல்தான். அவன் நிற்க வேண்டிய பின்பக்கத்து மூங்கிலை வேறு யாரோ பிடித்திருந்தார்கள். வெடிப் புகைக்கும் தொங்குகிற மாலைகளுக்கும் நடுவே ஒரு தலைத்துண்டும் ஒரு தோளும்தான் தெரிந்தன. பங்காளி வீட்டுப் பையன் எவனோ என் இடத்தைப் பிடித்துக்கொண்டானே என்று இவனுக்குக் கோபம்கூட வந்தது. அந்த ஆளைச் சுவடில்லாமல் அழித்துவிட்டு, அங்கே தன்னை நிறுத்தினான்.

கருமாதியன்று அவள் தனியாகப் பார்ப்பாள் என்று நம்பியிருந்தான். அவளோ பென்டிரைவைக் கூடத்து டிவியில் செருகி, சுடுகாட்டுக்குப் போன ஆம்பிளைகள் அத்தனை பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். படம் ஓடியது. அவன் கால் தரையில் பாவியது, நிழல்கூடச் சரியாக விழுந்தது. மாமியார் கோவிந்தம்மாள் பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தமிழ்மணி படத்தை நிறுத்தி, திரையில் அவன் தோளைத் தொட்டாள்.

"நீங்க ஓடிப்போனதும் பாடைய எறக்கி வெச்சிட்டு உங்களத் தேடினாங்க. வேற ஆளு தோளு குடுக்க வந்தாங்க. நான் வுடல. எங்கப்பா நம்ம வூட்டுத் தோளத்தான் கேட்டாரு. தலையில துண்டக் கட்டிக்கினு நாந்தான் தூக்கினேன். இந்த எடத்துல."

அவள் தன் அப்பனுக்குச் செய்த கடைசிக் காரியத்தை நாமே உட்கார்ந்து அழித்திருக்கிறோம் என்று அப்போதுதான் இவனுக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. சரி பண்ணித் தருகிறேன் என்று முனகினான்.

"பண்ணுங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னப் பழையபடி இங்க வைங்க. உங்கள அந்த மல்லாட்டைக் கொல்லையில வைங்க."